1971 எம்ஜிபி ஜிடி முன் சஸ்பென்ஷன்: 1977 ரோட்ஸ்டர் பார்ட்ஸ் பொருந்துமா?

குரோம்பம்பர்71:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1971 எம்ஜிபி ஜிடி (கூரை வைத்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), வயர் வீல் இல்லை, ஸ்டீல் வீல்தான். இடது முன் ஸ்பிரிங் அடிச்சுற்றில் உடைந்திருக்கிறது. வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இரண்டு பக்கமும் டக் டக் என்று ஆட்டம். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தாலும் ஆட்டம் நிற்கவில்லை. அதனால் வீல் பேரிங் இல்லை, கிங்பின்தான் (ஸ்டியரிங் திருப்பும்போது வீல் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு) என்று நினைக்கிறேன்.

1977 ரப்பர் பம்பர் ரோட்ஸ்டரின் (கூரை திறந்த எம்ஜிபி) முன்பகுதி, சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரோடு மொத்தமாக மலிவாக வருகிறது. அப்படியே மாட்டலாமா? புது ஸ்பிரிங் வாங்குவதென்றால் 9.9 அங்குலம், 9.1 அங்குலம் என்று இரண்டு உயரம் இருக்கிறது. என் பழைய ஸ்பிரிங்கில் உடையாத வலது பக்கத்தது 9 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. வண்டி மூக்கு தாழ்ந்து நிற்பதால் உயரமானதைப் போட்டால் நிமிருமா? விஷ்போன் புஷ் (வீலைத் தாங்கும் கையின் மூட்டு ரப்பர்) எது போடலாம்?

நட்டுபோல்ட்:
9.1 தான் வாங்குங்கள். உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் தப்பு.

9.9 அங்குலம் ரோட்ஸ்டருக்கு உரியது. ஏழரைச் சுற்று, 1,030 பவுண்டு எடையில் 7 அங்குலத்துக்கு அமுங்கும். 9.1 ஜிடிக்கு உரியது. ஐந்தரைச் சுற்று, 1,193 பவுண்டில் 6.6 அங்குலம். அதாவது குட்டை ஸ்பிரிங்தான் கெட்டி: ரோட்ஸ்டருடையது அங்குலத்துக்கு ஏறக்குறைய 350 பவுண்டு, ஜிடியுடையது 480. ஜிடி எடையை ரோட்ஸ்டர் ஸ்பிரிங் மேல் வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 6.5 அங்குலத்தில் வந்து நிற்கும். முக்கால் அங்குலம் உயரமான ஸ்பிரிங் போட்டும் மூக்கு நிமிராது, பிரேக் பிடித்தால் இன்னும் குனியும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சுற்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

கிராஸ்மெம்பரை விட்டுவிடுங்கள். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது அமெரிக்க பம்பர் விதிக்காக வண்டியையே உயர்த்தினார்கள். முன்னால் அந்த உயரம் கிராஸ்மெம்பரிலேயே இருக்கிறது. ஸ்டியரிங் ரேக் உட்காரும் இடமும் அதோடு மாறியது, ஸ்டியரிங் காலமும் (ஸ்டியரிங் வீலிலிருந்து ரேக்குக்கு வரும் தண்டு) வேறு. அதை உங்கள் வண்டியில் ஏற்றினால் முன்பக்கம் தூக்கி நிற்கும், ஸ்டியரிங் காலம் சேராது. ஆனால் கிங்பின், ஸ்டப் ஆக்சில் (வீல் ஹப் ஏறும் தண்டு), கீழ் விஷ்போன் கைகள் எல்லாம் நான்கு சிலிண்டர் எம்ஜிபியில் பெரிதாக மாறவில்லை. விலை சரியென்றால் அவற்றுக்காக வாங்கலாம். எம்ஜிசி (இதே வண்டியின் ஆறு சிலிண்டர் வடிவம்) பார்ட்ஸ் மட்டும் வேண்டாம், அதன் முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, சம்பந்தமே இல்லை.

கிரீஸ்கன்:
ஸ்பிரிங்கை இறக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இதில் மேல் விஷ்போன் கிடையாது, லீவர் ஷாக்கின் (கை வைத்த ஷாக் அப்சார்பர்) கைதான் மேல் கை. ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் மேல் டிரனியன் (கிங்பின்னைக் கையோடு இணைக்கும் மூட்டு) போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வெளியே வரும். வண்டி ஸ்டாண்டில் இருக்கட்டும், தட்டுக்கு அடியில் ஜாக்கி, பிறகு போல்ட், பிறகு மெதுவாக இறக்குங்கள்.

கிங்பின்னின் அடிக்கண் போல்ட் கண்டிப்பாக அதைச் சுற்றியுள்ள டிஸ்டன்ஸ் டியூப்போடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்துக் கையை வளைக்காதீர்கள். விஷ்போன் கைக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட், டியூப், சீல் எல்லாம் கிட்டிலேயே வரும்.

கிங்பின்னுக்கான புது புஷ்ஷை ஸ்டப் ஆக்சிலில் அழுத்தும்போது கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வர வேண்டும். பிறகு இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பின் இறுகும், ஸ்டியரிங் திருப்பியபின் தானாகத் திரும்பி வராது. ரீமர் இல்லாவிட்டால் பழையதைக் கொடுத்துத் தயார் செய்ததை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் செட்டே மேல். த்ரஸ்ட் வாஷர் பல கனத்தில் கிடைக்கும். ஸ்டப் ஆக்சில் மேலும் கீழும் 0.002 அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. அடிக்கண்ணில் மட்டும் 0.008 முதல் 0.013 வரை ஆட்டம் விடவேண்டும், டியூப் சுழல வேண்டிய இடம் அது.

நட்டுபோல்ட்:
விஷ்போன் புஷ் விஷயத்தில் என் ஓட்டு ஜிடி வி8 புஷ்ஷுக்கு, பார்ட் நம்பர் பி.எச்.எச். 1123. உலோகக் குழாயில் ஒட்டிய ரப்பர், வண்டிக்கு நான்கு போதும். ஒரு நிபந்தனை: வண்டி தரையில் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

சில்வர்ஸ்டோன்:
ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்குப் பாலியூரித்தேன் சரி. ரோட்டில் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் கீச் கீச் என்று கத்தும்.

குரோம்பம்பர்71:
அருமை, நன்றி. கிங்பின்னை எடுக்கும்போது ஹப்பையும் கழற்றத்தான் வேண்டும். பேரிங்கில் கவனிக்க ஏதாவது?

கிரீஸ்கன்:
இரண்டு டேப்பர் பேரிங்குக்கு நடுவில் ஒரு ஸ்பேசரும் (இடைக்குழாய்) ஷிம்மும் (மெல்லிய உலோக வளையம்) இருக்கும். ஆட்டம் பார்த்து இறுக்கத் தெரியும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். செய்யாதீர்கள், ஸ்டப் ஆக்சிலுக்குப் பலம் தருவதே அந்த ஸ்பேசர்தான். ஷிம்களை மாற்றி 0.002 முதல் 0.004 அங்குலம் ஆட்டம் வரவழைத்து, நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடிக்குள் இறுக்கி, ஸ்பிலிட் பின் துளை எங்கே நேராகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஷிம் சரியாக இருந்தால் இறுக்கியபின்னும் ஹப் லேசாகச் சுழலும்.

பக்கத்துக்கு மூன்று நிப்பிள். முன் வீல்கள் தொங்கும்போது கிரீஸ் அடியுங்கள், எடை ஏறி நின்றால் த்ரஸ்ட் முகத்துக்குள் போகாது. பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதிலும் கிரீஸ் ஏற்றாதீர்கள், அதன் மரைபோட்ட டிரனியனுக்கு இ.பி. 90 கியர் ஆயில்.

நட்டுபோல்ட்:
கடைசியாக டோ-இன் (முன் வீல்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம். கேஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 7 டிகிரி; அதையும் கேம்பரையும் (வீல் பக்கவாட்டில் சாயும் கோணம்) சரிசெய்ய இதில் வழியில்லை. அளவு வெளியே போனால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது, முதலில் விஷ்போன் கைகளைத் தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் உட்கார ஒரு வாரம் ஓட்டிவிட்டு அளந்தால் நல்லது.