சிஏ 19-9: கணையப் புற்றின் அடையாளம் மட்டும்தானா?

உயிர்வேதியியல் மாணவி:
கணைய நாளப் புற்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணு பிறழ்ந்திருக்கிறது. அது முடுக்கிவிடும் சமிக்ஞைப் பாதைகளுக்கும் கணையப் புற்றின் குறியீடாக இரத்தத்தில் அளக்கப்படும் சிஏ 19-9 உயர்வதற்கும் நேரடித் தொடர்பு உண்டா?

நோய்க்கூறியலாளர்:
நேரடியாக இல்லை. சிஏ 19-9 ஒரு புரதமன்று. புரதங்களிலும் கொழுப்புகளிலும் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி. பிறழ்ந்த கேராஸ் குளுக்கோஸை ஹெக்சோசமைன் பாதைக்குத் திருப்பி, புரதங்களில் சர்க்கரை ஏற்றுவதற்கான மூலப்பொருளைப் பெருக்குகிறது என்பது 2012இல் எலிகளில் காட்டப்பட்டது. ஆனால் அந்தச் சங்கிலியை முடித்துவைப்பது எஃப்யூடி3 என்னும் நொதி. அது செயல்படாத லூயிஸ் எதிர்மறை என்னும் இரத்த வகையினரிடம் கட்டி எவ்வளவு பெரிதானாலும் இக்குறியீடு பெரும்பாலும் உயர்வதில்லை.

பயிற்சி மருத்துவர்:
மறுபுறம், புற்றே இல்லாமல் பித்தநாளம் அடைபட்டாலும் இந்த அளவு மில்லிலிட்டருக்கு 37 அலகு என்ற இயல்பு வரம்பைத் தாண்டிவிடலாம். ஆகவே அந்த அடைப்பால் வந்த காமாலை தணிந்தபின் மீண்டும் அளந்து பார்ப்பதே முறை.

ஆய்வு மாணவர்:
கேள்வியைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவையானது. எலிகள் இயல்பாகச் சிஏ 19-9ஐ உருவாக்குவதில்லை. அமெரிக்கப் புற்று ஆய்வாளர் டேவிட் டூவ்சன் குழுவினர் அதை உருவாக்கும் மனித நொதிகளை எலிகளுக்குள் புகுத்தியபோது கடும் கணைய அழற்சி ஏற்பட்டது என்று 2019இல் வெளியிட்டனர். இச்சங்கிலி ஏறிய ஃபைபுலின்-3 புரதம் செல்லுக்கு வளர்ச்சிச் சமிக்ஞை தரும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பியோடு இறுகப் பிணைந்து அதன் சமிக்ஞையை மிகையாக்கியது. பிறழ்ந்த கேராஸும் சேர்ந்தபோது மூர்க்கமான புற்று தோன்றியது. வெறும் அடையாளம் என்று நாம் நினைத்திருந்தது, எலிகளிலாவது, நோயைத் தூண்டும் கூட்டாளியாகவும் இருக்கிறது.

உயிர்வேதியியல் மாணவி:
அப்படியானால் அந்தச் சங்கிலியையே எதிர்பொருளால் (ஆன்டிபாடி) தடுக்க முடியுமா?

ஆய்வு மாணவர்:
அதே ஆய்வில் எதிர்பொருள் செலுத்தியதும் எலிகளின் அழற்சி தணிந்தது.