ஒரே போட்டோவில் இரண்டு தாத்தா: இரட்டையரா, ஸ்டூடியோ வேலையா?

திண்டுக்கல் பேத்தி கேட்டது:

வணக்கம். போன வாரம் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் என் அப்பாவின் அப்பா படம் ஒன்று கிடைத்தது. கெட்டி அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பின்னால் மையில் 1958 என்று எழுதியிருக்கிறது. ஸ்டூடியோ முத்திரை இருந்த இடம் பூச்சி அரித்துப் போய்விட்டது.

படத்தில் தாத்தா இரண்டு பேராக இருக்கிறார். இடது பக்கம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளோடு நிமிர்ந்து பார்க்கிறார். வலது பக்கம் அவரே தோளில் துண்டு போட்டுக்கொண்டு, லேசாகக் குனிந்து காபி டம்ளரை நீட்டுகிறார். நடுவில் ஒரு டீப்பாய், அதன் மேல் பூச்சாடி. பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை.

அப்பா இருந்தவரை, "அது ஸ்டூடியோக்காரர் செய்த வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எப்படிச் செய்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. அத்தை சொல்வது வேறு. தாத்தாவோடு கூடப் பிறந்த இரட்டை ஒருவர் இருந்தாராம், சண்டை போட்டுக்கொண்டு மலேயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர் திரும்பவே இல்லையாம். பாட்டி சொல்லிக் கேட்டது என்கிறார். அத்தை சொல்வது உண்மையானால் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே எங்கோ இருப்பார்கள். தேடிப் பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்கு முன்னால் இந்தப் படம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒட்டு வேலையோ என்று நினைத்து நகத்தால் தடவிப் பார்த்துவிட்டேன், வெட்டிய தடம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத 1958இல் இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?

சேலத்துக்காரன்:

தாராளமாக முடியும். எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இலேயே உத்தம புத்திரனில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. அதற்கு 40 வருஷம் முன்னால், 1900இல், பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே ஒரு குறும்படத்தில் ஏழு மெலியேக்களை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்க வைத்தார். ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பப் பின்னால் சுற்றி எடுத்த வேலை அது. ஓடுகிற படத்திலேயே முடியும் என்றால் அசையாத போட்டோவில் ஏன் முடியாது? விவரமாகச் சொல்ல ஸ்டூடியோவில் இருந்தவர்கள் யாராவது வர வேண்டும்.

இருட்டறை:

வணக்கம் அம்மா. 1974இல் மதுரையில் என் பெரியப்பா ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்புறம் முப்பது வருஷம் அதே தொழில். நீங்கள் சொல்கிற மாதிரிப் படத்தை நாங்கள் 'டபுள் ஆக்ட்' என்போம். நான் சேர்ந்த காலத்திலேயே அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பெரியப்பா எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார், பத்துப் பன்னிரண்டு படம் நானே எடுத்திருக்கிறேன்.

சாமான் ரொம்பச் சாதாரணம். பவுடர் டப்பா மூடி ஒன்று. அது லென்ஸ் முகத்தில் சிக்கென்று உட்கார வேண்டும். மூடியைச் சரிபாதியாக, அரை நிலா போல வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியிருப்பார். இதை மாட்டினால் லென்ஸ் பாதிக் காட்சியைத்தான் பார்க்கும்.

முதலில் வலது பாதி மறைந்திருக்கிற மாதிரி மூடியை மாட்டுவோம். தாத்தா இடது பக்கம் நாற்காலியில் உட்காருவார். ஒரு எக்ஸ்போஷர், அதாவது ஒரு தடவை வெளிச்சத்தை உள்ளே விடுவோம். படம் பதிகிற பிளேட்டின் ஒரு பாதியில் உருவம் பதிந்துவிடும், மறு பாதியில் வெளிச்சமே பட்டிருக்காது. அப்புறம் மூடியை அரைச் சுற்றுத் திருப்புவோம். தாத்தா எழுந்துபோய்த் துண்டைப் போட்டுக்கொண்டு வலது பக்கம் வந்து நிற்பார். அதே பிளேட்டில் அதே கணக்கில் இன்னொரு எக்ஸ்போஷர். கழுவி எடுத்தால் ஒரே நெகட்டிவில் இரண்டு பேர். இதில் கத்தரிக்கும் பசைக்கும் இடமே இல்லை. நீங்கள் நகத்தால் தடவி ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

நடுவில் கோடு விழாதா என்று கேட்பீர்கள். மூடி லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருப்பதால் அதன் விளிம்பு போகஸில் வராது, புகை மாதிரி கரைந்து நிற்கும். முதல் தடவை கரைந்து குறைகிற வெளிச்சத்தை இரண்டாவது தடவை கரைந்து ஏறுகிற வெளிச்சம் ஈடு கட்டிவிடும். வெட்டு சரிபாதியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நூல் அதிகமாக வெட்டியிருந்தால் நடுவில் இரண்டு தடவையும் வெளிச்சம் கூடுதலாகப் பட்டு, பிரிண்டில் வெளிறின பட்டை விழும். குறைத்து வெட்டினால் கறுத்த பட்டை. லென்ஸ் துவாரத்தை ரொம்பச் சின்னதாக்கினாலும் விளிம்பு கூர்மையாகி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கஷ்டமெல்லாம் மற்ற விஷயங்களில்தான். எங்கள் ஸ்டூடியோவில் கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்தது, பகல் வெளிச்சத்தில்தான் எடுப்போம். இரண்டு எக்ஸ்போஷருக்கு நடுவில் ஒரு மேகம் வந்துவிட்டால் போச்சு, ஒரு தாத்தா காலையிலும் இன்னொருவர் சாயங்காலமும் இருக்கிற மாதிரி ஆகிவிடும். ஒருமுறை துணி மாற்றிக்கொண்டு அவசரமாக வந்தவர் ஸ்டாண்ட் காலில் இடித்துவிட்டார். எனக்குத் தெரியாது, எடுத்துவிட்டேன். கழுவிப் பார்த்தால் தரையில் இருந்த கட்டம் நடுவில் அரை அங்குலம் ஒடிந்து நிற்கிறது. பெரியப்பா என்னைத் திட்டவில்லை. அந்தப் பிளேட்டைக் கையில் கொடுத்து ஒரு வாரம் மேஜையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் பார்வை. உட்கார்ந்திருப்பவர் எதிரில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, அங்கே ஆள் இருக்கிற மாதிரி முகம் காட்ட வேண்டும். சும்மா "அங்கே பாருங்கள்" என்றால் கண் எங்கோ வெறிக்கும். பெரியப்பா ஒட்டடைக் குச்சி நுனியில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி, நிற்கப்போகிறவர் முக உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு என்னை நிற்க வைப்பார். மறைந்த பாதியில்தான் நிற்கிறேன் என்பதால் நான் படத்தில் விழ மாட்டேன். அந்தக் கைக்குட்டையோடு பேசுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். பார்வை சரியாக விழுந்துவிட்டால், நடுவில் பட்டையே இருந்தாலும் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. இரண்டு முகத்துக்கும் நடுவில்தான் அவர்கள் கண் போய்வந்துகொண்டிருக்கும். முப்பது வருஷத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது.

உங்கள் படத்தில் பார்க்க வேண்டியவை: தாத்தாவுக்கு முகத்தில் மச்சமோ தழும்போ உண்டா? இரண்டு உருவத்திலும் அது ஒரே பக்கம் இருக்கிறதா? சட்டைப் பை இரண்டிலும் இடது மார்பில்தானே? அப்புறம் டம்ளர் நீட்டுகிற கை டீப்பாயைத் தாண்டி அடுத்த பக்கம் போகிறதா? டபுள் ஆக்ட் என்றால் போகாது. கோட்டைத் தாண்டினால் கை வெட்டுப்பட்டுவிடும்.

திண்டுக்கல் பேத்தி:

ஐயா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். ரொம்ப நன்றி.

சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து தாத்தாவுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அந்த இடத்தில் முடி முளைக்காது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் இடது புருவத்தில் அதே இடத்தில் அதே வெட்டு! சட்டைப் பையும் இரண்டிலும் இடது பக்கம்தான். டம்ளர் நீட்டுகிற கை பூச்சாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. உட்கார்ந்தவர் வாங்கக் கை நீட்டவே இல்லை, செய்தித்தாளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன பட்டை மட்டும் தெரியவில்லை. நடுவில் திரை ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. அத்தையிடம் சொல்வதற்கு முன்னால் அதையும் உறுதி செய்துகொள்ள நினைக்கிறேன்.

அறிவியல் வாத்தியார்:

பட்டை இருந்தாலும் நேராகப் பார்த்தால் தெரியாமல் போகலாம். கூர்மையான விளிம்பை நம் கண் உடனே பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது. வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஜன்னல் பக்கம் ஒரு மாதிரியும் மூலையில் வேறு மாதிரியும்தான் வெளிச்சம் இருக்கும், நமக்கு என்னவோ முழுச் சுவரும் ஒரே வெள்ளை.

இதை மாணவர்களுக்குப் புரிய வைக்க நான் காட்டுவது, எட்வர்ட் ஏடெல்சன் என்ற அமெரிக்க எம்.ஐ.டி. பேராசிரியர் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம். பலகையின் மேல் ஒரு உருளையின் நிழல் விழுந்திருக்கும். நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்கு உள்ளே ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் அச்சு அசல் ஒரே சாம்பல் நிறம். சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. நிழலில் இருப்பதற்குக் கொஞ்சம் வெளுப்பைக் கூட்டிப் பார்ப்பது மூளையின் பழக்கம். அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த இரண்டு கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி மேலே வைத்தால் வகுப்பே கத்தும்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கறுப்புத் தாளில் இரண்டு சின்ன ஓட்டை, நடுவில் மூன்று விரல் இடைவெளி. ஒரு ஓட்டை பூச்சாடிக்கு நேர் மேலே திரையில் வரட்டும், இன்னொன்று பக்கவாட்டில், திரையில் ஒன்றும் வரையாத இடத்தில். படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்தால் இன்னும் நல்லது, முகங்கள் உங்களை இழுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போகும்போது, அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிற சிற்பத்தைக் காட்டுவேன். ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறு உடம்பை மறைத்தால் காளை. இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பி 12ஆம் நூற்றாண்டில் செய்தது. இருட்டறை ஐயா சொன்ன அரை மூடியைப் படித்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

சேலத்துக்காரன்:

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1860களில் அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர், படம் எடுக்க வருகிறவர்களின் பின்னால் இறந்துபோன உறவினர் ஆவி மாதிரி நிற்கிற போட்டோக்களைக் கொடுத்துக் காசு வாங்கினார். 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கே நடந்தது, விடுதலையாகிவிட்டார். பிற்பாடு லிங்கனின் மனைவியே அவரிடம் போய், இறந்துபோன கணவர் தனக்குப் பின்னால் நிற்கிற படத்தை வாங்கினார். பிரிந்துபோனவர்கள் முகத்தைத் தேடுகிறவர்களுக்குப் போட்டோ என்றால் அத்தனை நம்பிக்கை.

திண்டுக்கல் பேத்தி:

கிடைத்துவிட்டது!

வாத்தியார் ஐயா சொன்னபடி படத்தைத் தலைகீழாக வைத்துக் கறுப்புத் தாளால் மூடிப் பார்த்தேன். பூச்சாடிக்கு மேலே இருக்கிற ஓட்டையில் திரை தெளிவாக வெளுத்திருக்கிறது. தாளை எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. திரும்ப வைத்தால் திரும்ப வருகிறது. ஸ்டூடியோக்காரர் ஒரு நூல் அதிகமாக வெட்டிவிட்டார் போல.

அதோடு, ஐயா, நீங்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. சாடியில் நாலைந்து பூ. எல்லாம் நன்றாக விழுந்திருக்கின்றன, வலது பக்கம் சாய்ந்திருக்கிற ஒன்று மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் வழியாகப் பின்னால் வரைந்த தூணின் கோடு தெரிகிறது. பக்கத்திலேயே கொஞ்சம் கீழே அதே பூ இன்னொரு தடவை, அதுவும் மங்கலாக. இது என்ன?

இருட்டறை:

அம்மா, இனி வேறு சாட்சியே வேண்டாம். இரண்டு எக்ஸ்போஷருக்கு நடுவில் அந்தப் பூ நகர்ந்திருக்கிறது. தாத்தா எழுந்து போகும்போது டீப்பாயில் கால் பட்டிருக்கும், இல்லையென்றால் காம்பு தொய்ந்து சரிந்திருக்கும். சாடி நிற்கிற இடம் இரண்டு தடவையும் பாதிப் பாதி வெளிச்சம் பட்ட இடம். அசையாமல் நின்றதெல்லாம் இரண்டு பாதியும் சேர்ந்து முழுசாகிவிட்டது. நகர்ந்த பூ மட்டும் பழைய இடத்தில் பாதி, புது இடத்தில் பாதி. சாடியை அங்கே வைத்ததும் அழகுக்காக மட்டும் இருக்காது, பட்டை விழுகிற இடத்தில் ஒரு சாமான் இருந்தால் கண் அதில் தங்கிவிடும். நாங்களும் அப்படித்தான் ஒரு கூஜாவை வைப்போம். கூஜா தொய்யாது.

ஒன்று கேட்கிறேன். உட்கார்ந்திருக்கிற தாத்தா சரியாக எங்கே பார்க்கிறார்?

திண்டுக்கல் பேத்தி:

நிற்கிறவர் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பார்வை அவர் தலைக்கு மேலே ஒரு விரல் அளவு உயரத்தில் போகிறது. அவர் குனிந்து நிற்கிறார், அதனால் இருக்குமோ?

இருட்டறை:

அதேதான். குச்சியோ கையோ, எதையோ தாத்தா நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குப் பிடித்திருக்கிறார்கள். டம்ளரோடு குனிய வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியிருக்கும். உட்கார்ந்த எக்ஸ்போஷர்தான் முதலில் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

மலேயா போனவர் இருந்தாரா இல்லையா என்பது வேறு விஷயம், அதை இந்தப் படம் சொல்லாது. அத்தை சொன்னதை நீங்கள் தனியாக விசாரியுங்கள். இந்தப் படத்தில் இருப்பது உங்கள் தாத்தா ஒருவர்தான்.

படத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அட்டையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நல்ல ஸ்கேனரில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அசலை வெள்ளைத் தாளில் சுற்றிப் பீரோவில் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். முடிந்தால் அந்தப் பூ இருக்கிற இடத்தை மட்டும் பெரிதாக்கி இங்கே போடுங்கள் அம்மா, பார்க்க வேண்டும் போல இருக்கிறது.