பேஸ்எக்ஸில் டிபிஎல்பி தரவு: ஆசிரியர் பெயர் உடனே கிடைக்கிறது, தலைப்புத் தேடல் நிமிடக்கணக்கில் ஓடுகிறது

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் வணக்கம். கணினி அறிவியல் கட்டுரைகளின் நூல்விவரத் தொகுப்பான டிபிஎல்பியின் எக்ஸ்எம்எல் கோப்பைப் பேஸ்எக்ஸ் தரவுத்தளத்தில் ஏற்றி, எக்ஸ்குவெரி என்ற வினவல் மொழி வழியாகத் தேடி வருகிறேன். ஏற்றும்போது 64,000 என்டிட்டிகளுக்கு (சிறப்பெழுத்து போன்றவற்றுக்குப் பதிலாக எழுதப்படும் குறியீடுகள்) மேல் விரிக்க இயலாது என்று, கோப்பைப் படித்துப் பகுக்கும் பார்சர் நின்றுவிட்டது. ஜாவாவைத் தொடங்கும்போதே அந்த வரம்பைப் பல மடங்கு உயர்த்தியதும் ஏற்றம் முடிந்தது. ஆசிரியர் பெயரைக் கொடுத்தால் விடை உடனே வருகிறது. ஆனால் முழுஉரை இண்டெக்ஸ் (உரையிலுள்ள சொற்களை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) உருவாக்கிய பிறகும், தலைப்பில் ஒரு சொல்லைத் தேடினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. இன்னொன்று: சில பதிவுகளில் என் குறிப்புகளைச் சேர்த்த பிறகு ஆசிரியர் தேடலும் மெதுவாகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி:

வணக்கம். இரண்டும் வெவ்வேறு காரணங்கள். முதலில் தலைப்பைப் பார்ப்போம். டிபிஎல்பியில் ஆசிரியர் உறுப்புக்குள் (எக்ஸ்எம்எல்லில் தொடக்க, முடிவுக் குறிச்சொற்களுக்கு இடைப்பட்ட பகுதி) வெறும் உரை மட்டுமே உண்டு. தலைப்பு உறுப்பு அப்படியன்று. சாய்வெழுத்து, கீழ்க்குறி, மேற்குறி ஆகியவற்றுக்கான உள் உறுப்புகள் பல தலைப்புகளில் உரையோடு கலந்து வருகின்றன. பேஸ்எக்ஸின் முழுஉரை இண்டெக்ஸ் உரைக் கணுக்களின் (குறிச்சொற்களால் பிரிபடாத தொடர் உரைத் துண்டுகள்) மேல்தான் கட்டப்படுகிறது. ஆகவே 'தலைப்பு முழுவதும் இச்சொல்லைக் கொண்டிருக்கிறதா' என்று நீங்கள் கேட்கும்போது, துண்டு துண்டாகக் கிடக்கும் உரையை ஒவ்வொரு தலைப்புக்கும் ஒட்டிப் பார்த்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இண்டெக்ஸ் இருந்தும் அது தொடப்படுவதில்லை. வினவலை ஓட்டியபின் தகவல் பலகத்தில் முழுஉரை இண்டெக்ஸைப் பயன்படுத்தியதாக ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காரணம் இதுவே.

முழுஉரைத் தொகுதியில் உள்ள தேடல் செயற்கூறுக்குத் தரவுத்தளத்தின் பெயரையும் சொல்லையும் நேரடியாகக் கொடுங்கள். அது பொருந்தும் உரைக் கணுக்களைத் தரும். அங்கிருந்து மேலேறி மூதாதைக் கணுவான தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு குறை உண்டு, அதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். நீரின் வேதியியல் குறியீட்டில் 2 என்ற எண் கீழ்க்குறி உறுப்புக்குள் இருந்தால், அக்குறியீடு மூன்று உரைக் கணுக்களாகப் பிரிந்து கிடக்கும். முழுக் குறியீட்டைத் தேடினால் இண்டெக்ஸ் எதையும் தராது, பிழைச்செய்தியும் வராது. இப்படிப்பட்ட இடங்களில், தலைப்பில் உடைபடாமல் நிற்கும் வேறொரு சொல்லை இண்டெக்ஸில் தேடி, கிடைத்த சில நூறு தலைப்புகளுக்குள் மட்டும் முழு உரையை ஒப்பிடுவதே சரியான வழி.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 10ஆம் பதிப்புக்கு முந்தைய பேஸ்எக்ஸ், கோப்பை ஏற்றும்போது உரைக் கணுக்களின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை இயல்பாகவே நீக்கிவிடும். கலப்பு உரையில் இது அடுத்தடுத்த சொற்களை ஒட்டவைத்துவிடுவதால், பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு மீண்டும் ஏற்ற வேண்டும்.

குறிப்புகள் சேர்த்தபின் வேகம் குறைந்ததற்குக் காரணம், தரவு மாறியதும் இண்டெக்ஸ்கள் காலாவதியாகிவிடுவதுதான். ஆப்டிமைஸ் கட்டளையை ஓட்டினால் அவை மீண்டும் கட்டப்படும். மாற்றங்களோடு இண்டெக்ஸும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும்படி தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அமைக்கலாம் என்றாலும், அது முழுஉரை இண்டெக்ஸுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தானாகவே ஆப்டிமைஸ் செய்யும் அமைப்பும் இருக்கிறது. இத்தனை பெரிய தரவில் அதைப் பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. தகவல் பலகத்தில் அந்த வரி உண்மையிலேயே இல்லை. தேடல் செயற்கூறை நேரடியாக அழைத்ததும் விடை நொடிக்குள் வந்துவிட்டது. குறிப்புகளை அன்றாடம் சேர்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் ஆப்டிமைஸ் ஓட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?

இரண்டாம் மறுமொழியாளர்:

உண்டு. டிபிஎல்பி தன் கோப்பை முழுமையாகவே அடிக்கடி புதுப்பித்து வெளியிடுவதால், அதற்குள் குறிப்புகளை எழுதினால் அடுத்த ஏற்றத்தில் அவை அழிந்துபோகும். குறிப்புகளுக்குச் சிறிய தரவுத்தளம் ஒன்றைத் தனியே உருவாக்கி, ஒவ்வொரு குறிப்பிலும் டிபிஎல்பி பதிவின் அடையாளத் திறவுகோலைப் பண்பாக (உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதப்படும் மதிப்பு) எழுதி வையுங்கள். ஒரே எக்ஸ்குவெரியில் இரண்டு தரவுத்தளங்களையும் திறந்து அத்திறவுகோலால் இணைக்கலாம். பெரிய தரவுத்தளத்தில் பண்பு இண்டெக்ஸ் இயல்பாகவே உருவாகியிருப்பதால் இணைப்பு வேகமாக நடக்கும். சிறிய தரவுத்தளத்தை மட்டும் உடனுக்குடன் புதுப்பிக்கும்படி அமைத்துக்கொண்டால் போதும்.