காய்ச்சல், இருமல் இல்லாத விசிட்டர்கள்: வாசலில் வேறு என்ன கேட்பது?

விசிட்டர்பாஸ்:
40 படுக்கை மருத்துவமனை. நெற்றியில் தெர்மாமீட்டர் காட்டி, "சளி, இருமல் இருக்கா?" என்று கேட்டுத்தான் பாஸ் கொடுக்கிறோம். கீமோ (புற்றுநோய் சிகிச்சை) படுக்கை 4, பச்சிளம் குழந்தைகளுக்கு 6. அறிகுறியே இல்லாதவர்கள் மூலமும் தொற்று வருமா? விசிட்டர்களை அடியோடு நிறுத்தினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

தொற்றுத்தடுப்பு_சிஸ்டர்:
வரும். ஃப்ளூ, காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே பரவும். கொரோனா ஒன்றிரண்டு நாள் முன்பு, சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு 1-2 நாள் முன்பு. அந்த நாளில் தெர்மாமீட்டர் 98.4 தான் காட்டும். அதனால் வந்தவரைப் பற்றி மட்டும் கேட்காமல், அவர் வீட்டைப் பற்றியும் கேளுங்கள்.

"மூணு வாரத்துல வீட்டுல யாருக்காவது அம்மை போட்டுச்சா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். "தொற்று நோய் இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள், அம்மையை நம்மூரில் பலர் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. "தண்ணி ஊத்தியாச்சு" என்ற பதிலும் போதாது, எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டியிருக்க வேண்டும். அம்மை வந்தவரோடு இருந்தவர், தனக்கு முன்பு அம்மை வராமலும் தடுப்பூசி போடாமலும் இருந்தால், முதலில் நெருங்கிய நாளிலிருந்து 8ஆம் நாள் தொடங்கி, கடைசியாக நெருங்கியதிலிருந்து 21ஆம் நாள் வரை உள்ளே வேண்டாம். கீமோ வார்டுக்குத் தப்பித்தவறி வந்துவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளிக்குத் தடுப்பு மருந்து தாமதமாகக் கூடாது.

வாந்தி பேதி நின்றவர் 48 மணி நேரம் கழித்து வரட்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ், பேதி நின்ற பிறகும் மலத்தில் போய்க்கொண்டிருக்கும். ஹேண்ட் ரப்புக்கு (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) அது சரியாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி.

அகார்தட்டு:
கை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி சுமார் பத்தில் மூன்று பேர் மூக்கில் சும்மா இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மூக்கைத் துடைத்த கையால் ட்ரிப்ஸ் ஊசி ஒட்டியிருக்கும் பிளாஸ்டரைத் தடவிக் கொடுப்பார்கள், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தரையிலிருந்து எடுத்து "நகர்த்தி" வைப்பார்கள். பாசம்தான், ஆனால் வழி திறப்பது அங்கேதான்.

ஹேண்ட் ரப் பாட்டிலை லிஃப்ட் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டிலின் கால்மாட்டில் மாட்டுங்கள். உள்ளங்கை நிறைய எடுத்து 20-30 விநாடி தேய்க்கணும். பத்து விநாடியில் காய்ந்துவிட்டால் எடுத்த அளவு போதவில்லை. விட்டுப்போவது எப்போதும் கட்டைவிரலும் விரல் நுனியும். சோப்பு டிஸ்பென்சரில் மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்பாதீர்கள், அதில் கிருமி வளரும்.

பச்சிளம்வார்டு:
குழந்தை வார்டில் இரண்டு வழக்கங்கள் வேண்டாம் என்று எழுதியே வைக்கலாம். ஒன்று முத்தம். உதட்டுப் புண் வைரஸ் புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வரும். பிறந்த குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. இன்னொன்று சேனை வைப்பது. பெரியவர் விரலால் தேன் தடவினால் விரலின் கிருமியோடு, தேனில் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

"லேசான இருமல்தான்" என்று வரும் பெரியவருக்குக் கக்குவான் இருக்கலாம். குழந்தைக்கு அதற்கான முதல் தடுப்பூசியே 6 வாரத்தில்தான்.

தொற்றுத்தடுப்பு_சிஸ்டர்:
காற்றை மறந்துவிட்டோம். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்று வராது. நாலு படுக்கைக்கு இரண்டிரண்டு பேர் என்றால் எட்டு பேர் மூச்சு கூடுதல். கீமோ, பச்சிளம் குழந்தை என அந்தப் பத்துப் படுக்கைக்கும் ஒரு நேரத்தில் படுக்கைக்கு ஒருவர், சர்ஜிக்கல் மாஸ்க், மூக்கு வெளியே தெரியாமல். விசிட்டிங் நேரத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

விசிட்டர்பாஸ்:
நன்றி சிஸ்டர். செருப்பைக் கழற்றச் சொல்வதை நிறுத்தலாமா?

அகார்தட்டு:
தொற்றுத் தடுப்புக்கு என்றால் நிறுத்தலாம். குனிந்து செருப்பு வாரைத் தொட்ட கை நேராகக் கட்டிலுக்குத்தான் போகிறது. வேண்டுமென்றால் செருப்பு ஸ்டாண்டுக்கு அப்புறம் இன்னொரு ஹேண்ட் ரப் மாட்டுங்கள்.