பிரட்டுக்கு முன்னால் செபித்தவர்: எங்கள் குழுவுக்குப் பாதுகாவலர் கிடைத்த கதை

பால்மரத்துப் பேரன், பாடாங் செராய்:

இயேசுவுக்கே புகழ். உங்கள் செபக் குழுவுக்கு யார் பாதுகாவலர், அதாவது உங்களுக்காகப் பரிந்து பேசும் புனிதர் யார், அவர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழு 2020 மார்ச்சில் தொடங்கியது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில்கள் அடைபட்ட வாரம் அது. எல்லாரும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் அதிலும் பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. இன்றைக்குச் சிலர் ஜொகூரில், சிலர் சிங்கப்பூரில், நிறையப் பேர் கிள்ளானில். எங்கள் சிற்றாலயம் நின்ற இடத்தில் கடைவரிசை இருக்கிறது. இரவு எட்டரைக்குச் செபமாலை தொடங்கும்போது அந்த லயத்துக் குரல்கள் எல்லாம் மறுபடி கேட்கும். சமையல்கட்டு விசில் சத்தத்தோடு சேர்த்துத்தான்.

குழுவுக்கு ஒரு பாதுகாவலர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான் உடனே செவில் நகர் புனித இசிதோரைச் சொன்னேன். 636இல் இறந்த ஸ்பெயின் நாட்டு ஆயர். தம் காலத்து அறிவையெல்லாம் திரட்டி இருபது புத்தகங்கள் கொண்ட களஞ்சியமாக எழுதி வைத்தவர். அதனால்தான் பலர் அவரை இணையத்தின் பாதுகாவலர் என்கிறார்கள். உரோமை முறையாக அப்படி அறிவித்ததில்லை, ஆனாலும் இணையத்தில் கூடும் குழுவுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று நினைத்தேன். தங்கை மகளிடம் படம் தேடிப் போடச் சொன்னேன்.

அவள் போட்ட படத்தில் ஆயரைக் காணோம். முரட்டுத் துணி உடுத்திய ஒரு மனிதர், கையில் மண்வெட்டி. பின்னால் ஒரு சம்மனசு (வானதூதர்) மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டுகிறது. தப்பான படம், எடுத்துவிடு என்று எழுதப் போனேன். அதற்குள் எங்கள் பெரியப்பாவின் குரல்பதிவு வந்துவிட்டது. வயது 84. "யாருப்பா இவரு? நம்ம தோட்டத்து ஆளு மாதிரியே இருக்காரு."

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இவரும் இசிதோர்தான், மத்ரித் நகரத்தவர். ஏறக்குறைய 1070இல் பிறந்து 1130இல் இறந்தவர். அந்த ஆயரின் பெயரைத்தான் இவருக்கு வைத்திருந்தார்கள். சொந்த நிலம் கிடையாது. ஒரு நிலக்கிழாரிடம் கடைசிவரை கூலிக்கு உழுதவர். விடியற்காலையில் திருப்பலி கண்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார். கூட வேலை செய்தவர்கள், இவன் தினமும் தாமதமாக வருகிறான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். முதலாளி நேரிலே பார்க்கப் போனாராம். இவருக்குப் பக்கத்தில் சம்மனசுகள் உழுதுகொண்டிருந்ததைக் கண்டார் என்பது மரபு.

வெள்ளிக்கிழமை செபமாலைக்குப் பிறகு இதைக் குழுவில் வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியப்பாதான் ஆரம்பித்தார். எங்கள் யாருக்கும், அவர் பிள்ளைகளுக்குமே, தெரியாத ஒன்றைச் சொன்னார்.

அறுபதுகளில் விடியுமுன்னே பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு நடக்கும். அந்தக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே மரம் சீவ வேண்டும். லயத்துக் கடைசியில் ஒரு குருசடி, சிலுவை நட்ட சின்னச் செபக்கூடம், இருந்தது. தகப்பனார் இறந்த வருடம் முழுக்க, பெரியப்பா அங்கே நின்று செபமாலையின் ஒரு பகுதியான ஒரு தேவ இரகசியமாவது சொல்லிவிட்டுத்தான் பிரட்டுக்கு ஓடுவாராம். யாரோ கங்காணியிடம் சொல்லிவிட்டார்கள். சில நாள் அரைச் சம்பளம்தான் போட்டார்கள். சில நாள் வேலையே தரவில்லை.

"எனக்கு எந்தச் சம்மனசும் வந்து மரம் சீவலப்பா," என்றார். "ஆனா உன் பெரியம்மா அவ நிரையை முடிச்சிட்டு, என் நிரையிலயும் பாதி சீவி வச்சிருப்பா. நான் போய்ப் பார்த்தா மங்குல பால் விழுந்துகிட்டு இருக்கும்."

பெரியம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த இரவு குழுவில் எத்தனை பேர் அழுதோம் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

இசிதோருக்கு மனைவி உண்டா என்று சித்தி கேட்டார். உண்டு, பெயர் மரியா, ஸ்பெயினில் அவரையும் புனிதையாக வணங்குகிறார்கள் என்று சொன்னேன். "அப்ப ரெண்டு பேரையும் சேர்த்தே வேண்டிக்குவோம்" என்றார் சித்தி. வாக்கெடுப்பு என்று தனியாக ஒன்றும் நடக்கவில்லை.

பங்குத்தந்தையிடம் கேட்டோம். ஒரு நாட்டுக்கோ மறைமாவட்டத்துக்கோ பாதுகாவலர் என்றால் 1973இல் உரோமை வெளியிட்ட விதிமுறை இருக்கிறது, மக்கள் தேர்ந்தெடுத்ததை ஆயர் ஏற்று, உரோமை உறுதி செய்ய வேண்டும் என்றார். இப்படி வீட்டு அளவில் கூடிச் செபிக்கிறவர்கள் பக்தியோடு ஒரு புனிதரைத் தேடிக்கொள்ளலாம், தயங்காதீர்கள் என்றும் சொன்னார். இசிதோரின் திருநாள் மே 15.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூலிக்காரருக்கும் சவேரியாருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது ஒரே நாளில், 1622 மார்ச் 12. முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் சொல்லப் பழகி, 1545இல் மலாக்காவில் வந்து இறங்கினாரே, அதே சவேரியார். இதைப் படித்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

லூனாஸ் அக்கா:

தம்பி, உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் பால் வெட்டினவள் மகள். இரண்டு முறை வாசித்தேன்.

எங்கள் குழுவுக்குப் புனித கிளாரா. அவரும் நாங்கள் தேடிப் போனவர் இல்லை. 2020 பாஸ்கா சமயம் அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். கைப்பேசியில் திருப்பலி போட்டால் அந்தச் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியாது. என் மகன் ஒரு சின்னப் படவீழ்த்தி (புரொஜெக்டர்) வாங்கி வந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பூசையைக் காட்டினான். சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர், சாமியார் முகம் விரிசலோடுதான் தெரிந்தது. சாமியார் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது, விளங்காத வலது கையை விட்டுவிட்டு, இடது கையால் அம்மா சிலுவை போட்டார். உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து அவர் தாமாகக் கையைத் தூக்கினதே அன்றைக்குத்தான்.

இதை ஓர் அருட்சகோதரியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர்தான் கிளாராவைப் பற்றிச் சொன்னார். 1252 கிறிஸ்துமஸ் இரவு, அசிசியில் நோயோடு படுத்திருந்த கிளாராவை விட்டுவிட்டு மற்றச் சகோதரிகள் வழிபாட்டுக்குப் போய்விட்டார்களாம். அவர் படுத்த இடத்திலிருந்தே, தூரத்தில் பிரான்சிஸ்கு ஆலயத்தில் நடந்த வழிபாட்டைக் கேட்டார், குடிலையும் கண்டார். அதனால்தான் 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். சுவரில் கண்டார் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சுவர் போதும்.

அம்மா அடுத்த வருடம் போய்விட்டார். அந்தச் சுவருக்கு நான் இன்னும் சாயம் அடிக்கவில்லை.

கூலிம் தம்பி:

எங்கள் இளையோர் குழுவில் கார்லோ அக்குதிஸ். 2006இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்தவர், 2025 செப்டம்பர் 7இல் புனிதரானார். உலகம் முழுவதும் நடந்த நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையத்தளம் செய்தவர். படத்தில் சட்டை, தோள்பை எல்லாம் நாங்கள் போடுவது மாதிரியே இருக்கும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ) தேர்வுக்கு முந்தின ராத்திரி எனக்கு வேறு யாரிடமும் பேசத் தோன்றவில்லை அண்ணே. அவரிடம்தான் பேசினேன், என் வயசுப் பையனிடம் பேசுகிற மாதிரி. மறுநாள் கை நடுங்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கைப்பட்டாணி:

எல்லாம் நல்லது. ஆனால் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின், இத்தாலி என்று போகிறோமே, நம் மொழி பேசும் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் 1752 ஜனவரி 14இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம். குரு இல்லை, துறவி இல்லை. குடும்பஸ்தர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். என் தாத்தா கப்பல் ஏறும்போது மடியில் முடிந்துகொண்டு வந்தது, அவர் சுடப்பட்ட காற்றாடிமலையின் ஒரு பிடி மண்ணைத்தான். அப்போது அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் அவர் புனிதர்தான்.

அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட நாள் 2022 மே 15. பேரனே, தேதியைப் பாருங்கள்.

பால்மரத்துப் பேரன்:

ஐயா, உங்கள் பதிவைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேதி வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். மே 15 அன்று இரவு எட்டரைக்கு எங்கள் செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியத்தை நீங்கள் தமிழில் சொல்லித் தர வேண்டும், அந்த மண்ணின் கதையையும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். லூனாஸ் அக்காவும் கூலிம் தம்பியும் வாருங்கள். இணைப்பை முந்தின நாளே அனுப்பிவிடுகிறேன்.

முதல் தேவ இரகசியம் பெரியப்பாவுடையது. பெரியம்மாவுக்காகச் சொல்கிறாராம்.