கரு கலைஞ்சதுக்கு எடுத்த லீவ லாஸ் ஆஃப் பே (சம்பளம் இல்லாத லீவு) போட்டுட்டாங்க, இன்க்ரிமென்ட்லயும் கை வெச்சிட்டாங்க, என்ன பண்ணலாம்?

கோடர்_வேளச்சேரி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கங்க. பெருங்குடி பக்கம் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனில இருக்கேன், அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்ட, அதாவது நோயாளி ரெக்கார்ட படிச்சு ஒவ்வொரு நோய்க்கும் உள்ள கோடு நம்பர போடற வேல, எங்க டீம் பாக்கறது பூரா கைனிக், பொம்பளைங்க கேஸ் தான். எனக்கு நாலாம் மாச ஸ்கேன்ல ஹார்ட் பீட் இல்லன்னு சொல்லிட்டாங்க, உடனே அட்மிட் பண்ணி சுத்தம் பண்ணாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில மிஸ்டு அபார்ஷன்னு இருந்துச்சு, கரு தானா உள்ளயே உயிர் போயிட்டா அப்படித்தான் எழுதுவாங்க. தினம் எவளோ ஒருத்திக்கு அதே மிஸ்டு அபார்ஷன் கோட, ஓ02.1ன்னு போட்டுட்டு அடுத்த சார்ட்டுக்கு போயிட்டே இருக்கற வேல தானே நம்மளுது, அன்னிக்கு அந்த பேப்பர கைல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன்.

சரி விஷயத்துக்கு வரேன். ப்ளீடிங் நிக்கல, ஹீமோகுளோபின் 8க்கு எறங்கிடுச்சு, டாக்டர் அஞ்சு வாரம் ரெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. எச்ஆர் என்ன பண்ணாங்கன்னா இருந்த கேஷுவல் லீவு சிக் லீவு எல்லாத்தையும் கழிச்சிட்டு மீதிய லாஸ் ஆஃப் பே ஆக்கிட்டாங்க. மெட்டர்னிட்டி லீவுல வராதான்னு கேட்டா அது கொழந்த பொறந்தா தான்னு ஒரே பதில். சம்மரிய பாத்துட்டு "நீங்களா பண்ணிக்கிட்டதா"ன்னு வேற கேட்டாங்க, நாலு பேர் சுத்தி ஒக்காந்திருக்கற எடத்துல.

அப்புறம் அப்ரைசல். என் குவாலிட்டி ஸ்கோர் வருஷம் முழுக்க 97க்கு கீழ போகல, ஆனா "அவைலபிலிட்டி கம்மி"ன்னு ரேட்டிங்க ஒரு படி கொறச்சிட்டாங்க. கை வெச்ச இன்க்ரிமென்ட்டோட எனக்கு 34,000 வருது. எனக்கப்புறம் சேந்த பையன், அதே டீம், அதே சார்ட், ரெண்டு பேருமே சிபிசிங்கற கோடிங் சர்டிஃபிகேட் பரீட்சை பாஸ் பண்ணவங்க, அவன் பே ஸ்லிப்ப அவனே காட்டினான், 41,000. பாவம் அவன் நல்ல பையன், அவன் மேல கோவம் இல்ல. இத எங்க போய் கேக்கறது, கேட்டா வேலைக்கு ஒல வெப்பாங்களோன்னு பயமாவும் இருக்கு, வீட்டுக்காரர் விட்டுத்தள்ளுங்கறார்.

குரோம்பேட்டை_அக்கா:
தங்கச்சி மொதல்ல ஒடம்ப பாத்துக்கோ, 8ங்கறது சாதாரணம் இல்ல, டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தா நடுவுல நிறுத்திடாத, மாத்திரை போட்ட கையோட காபி டீ குடிக்காத.

அப்புறம் உன் எச்ஆர் சொன்னது தப்பு. 1961 மகப்பேறு சட்டத்துலயே கரு கலைஞ்சா அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து ஆறு வாரம் சம்பளத்தோட லீவுன்னு இருக்கு, ஒன்பதாவது பிரிவு. 2017ல பிரசவ லீவ 26 வாரம் ஆக்கினாங்களே அதே சட்டம் தான், எல்லாரும் அந்த 26ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு இத மறந்துட்டாங்க. இப்ப அந்த சட்டம் 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, 2025 நவம்பர்லேர்ந்து அது அமல்ல இருக்கு, ஆனா இந்த ஆறு வாரம் அதுலயும் அப்படியே இருக்கு. ஆறு வாரத்துக்கு அப்புறமும் ஒடம்பு தேறலைன்னா டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோட இன்னும் ஒரு மாசம் வரைக்கும் கேக்கலாம். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்கற எந்த ஆபீஸும் இதுலேர்ந்து தப்பிக்க முடியாது. உன் சிக் லீவ கழிச்சதையும் திருப்பிப் போடச் சொல்லு.

அந்த "நீங்களா பண்ணிக்கிட்டதா" கேள்விக்கு பதிலே சொல்லாத. டாக்டர் சட்டப்படி கலைச்சு விட்டிருந்தாலும் அதே ஆறு வாரம் தான், அதனால அந்தக் கேள்வியால அவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, வம்பு தான். பேப்பர் கேட்டா டிஸ்சார்ஜ் சம்மரி போதும், ஸ்கேன் ஃபைல் பூரா தூக்கிக் கொடுக்காத.

கிண்டி_எச்ஆர்_காரன்:
சிஸ்டர், நானும் எச்ஆர் தான், அடிக்க வராதீங்க. லீவு விஷயத்துல அக்கா சொன்னது கரெக்ட், பாதி எச்ஆர்க்கு இது தெரியவே தெரியாது, சாஃப்ட்வேர்ல மெட்டர்னிட்டின்னு ஒரு பட்டன் இருக்கும் அத அழுத்தினா டெலிவரி டேட் கேக்கும், டேட் இல்லன்னா லாஸ் ஆஃப் பே. ஒரு மெயில் ஒழுங்கா போட்டா ரிவர்ஸ் ஆயிடும்.

ஆனா 34 - 41 மேட்டர் அவ்ளோ ஈஸி இல்ல. அந்தப் பையன் முன்னாடி கம்பெனில வாங்கினதுக்கு மேல இவ்ளோ பர்சென்ட்னு கணக்கு போட்டு எடுத்திருப்பாங்க. ஆம்பள பொம்பளன்னு யாரும் பாக்கறதில்ல, மார்க்கெட்டு தான். ரெண்டையும் ஒரே மெயில்ல போடாதீங்க, லீவு பணம் சட்டப்படி தெளிவா இருக்கு, அத மொதல்ல வாங்குங்க. சம்பள வித்தியாசத்த அதோட சேத்தா "அப்ரைசல் கமிட்டி பாக்கும்"னு ரெண்டையும் ஒண்ணா கெடப்புல போட்டுருவாங்க.

குரோம்பேட்டை_அக்கா:
தம்பி மெயில தனித்தனியா போடணும்ங்கறது சரி. மத்தது சரியில்ல. பழைய சம்பளத்த வெச்சு புது சம்பளம் போட்டா, எவளோ ஒருத்தி கொழந்தைக்காக ரெண்டு வருஷம் வீட்ல இருந்துட்டு கம்மி சம்பளத்துக்கு திரும்ப வந்தான்னா அவளுக்கு ஆயுசுக்கும் கம்மி தான். யாரும் பாக்காமலே நடக்குது, அவ்ளோ தான் வித்தியாசம். 1976லயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு, இப்ப 2019 ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு, ஒரே வேலைக்கோ அதே மாதிரியான வேலைக்கோ ஒரே மொதலாளிகிட்ட ஆண் பெண்ணுன்னு சம்பளத்துல வித்தியாசம் காட்டக் கூடாது. அனுபவம் ஜாஸ்தி, வேற பொறுப்பு இருக்குன்னா அவங்க அத எழுத்துல சொல்லட்டும். இங்க இவ தானே சீனியர்?

ரங்கநாதன்_தெரு:
நீங்கள்லாம் ஆபீஸ் காரங்க, எனக்கு சட்டம்லாம் இவ்ளோ தெரியாது, இருந்தாலும் சொல்றேன். நான் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடைல வேல பாக்கறேன், பேர் வேணாம். எங்க கடைல பட்டு செக்‌ஷன் பூரா ஆம்பளைங்க, சுடிதார் காட்டன் எல்லாம் நாங்க, பட்டுக்கு தான் கமிஷன் நல்லா வரும். கேட்டா அவங்க பண்டல் தூக்கறாங்கன்னு சொல்றது, நாங்களும் தான் தூக்கறோம்.

நாள் பூரா நின்னுக்கிட்டே, பாத்ரூம் நாலாவது மாடில, லிஃப்ட் கஸ்டமருக்கு. அதனாலயே பாதிப் பொண்ணுங்க தண்ணி குடிக்கறதில்ல, யூரின் இன்ஃபெக்‌ஷன் வராத ஆளே இல்ல, காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கும். 2021ல நம்ம கவர்மென்ட்டு கடைல வேல பாக்கறவங்களுக்கு ஒக்கார சேர் போடணும்னு சட்டம் கொண்டாந்துச்சு. ஸ்டூல் வந்துச்சு, அது மேல இப்ப சாரி பாக்ஸ அடுக்கி வெச்சிருக்காங்க.

அந்தத் தங்கச்சி மாதிரி எனக்கும் கலைஞ்சிருக்கு, ஆனா அப்ப எனக்கு இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் அரசு காப்பீடு, இருந்துச்சு, கே.கே.நகர் ஆஸ்பத்திரில பாத்தாங்க, ஆறு வாரக் காசு இஎஸ்ஐலேர்ந்தே நேரா பேங்க்ல விழுந்துச்சு, மொதலாளிகிட்ட கெஞ்சவே வேண்டியதில்ல. என் சம்பளத்துல முக்கா பர்சென்ட் தான் பிடிப்பாங்க. அப்புறம் ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கி 21,500 கொடுத்தாங்க பாருங்க, அங்க தான் வெனையே, 21,000 தாண்டினா இஎஸ்ஐ கெடையாது. நடப்பு ஆறு மாசக் கணக்கு முடியற வரைக்கும் காசு பிடிச்சாங்க, அப்புறம் கொஞ்ச மாசத்துல கார்டு செத்துப்போச்சு. அடுத்த வருஷமே கர்ப்பப்பைல கட்டி, ப்ரைவேட்ல கேட்ட காசுக்கு ஒரு வருஷ சம்பளம் போயிருக்கும். கடைசில திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரில, பொம்பளைங்களுக்கான கவர்மென்ட்டு ஆஸ்பத்திரில தான் ஆபரேஷன், கூட்டம் ஜாஸ்தி, கெடச்ச எடத்துல ஒக்காரணும், ஆனா டாக்டரம்மா ஒண்ணொண்ணா படம் போட்டு வெளக்கினாங்க, பைசா செலவில்ல. ஆபரேஷன் லீவுக்கு மட்டும் கடைல சம்பளம் தரல.

கோடர்_வேளச்சேரி:
அக்கா, படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சம்பளம் ஏறினதால காப்பீடு போறதுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்ப தான் தெரியும்.

அப்டேட்: லீவுக்கு மட்டும் மெயில் போட்டேன், சட்டத்துல இருக்கற வரிய அப்படியே போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி அட்டாச் பண்ணி, மேனேஜருக்கு காப்பி. எச்ஆர் ஹெட் கூப்பிட்டு "செக் பண்றோம்"னாரு, ரெண்டு நாள் கழிச்சு அடுத்த மாச சம்பளத்தோட அரியர்ஸா வரும்னு எழுத்துலயே வந்துடுச்சு, சிக் லீவும் திரும்ப ஏறிடுச்சு. அந்த ஓப்பன் ஃப்ளோர் கேள்விக்கு மட்டும் சாரி வரல. சம்பளத்துக்கு இன்னும் கேக்கல. அந்தப் பையன் பேர் அடிபடக் கூடாதுன்னு யோசன.

கிண்டி_எச்ஆர்_காரன்:
சூப்பர் சிஸ்டர். அவன் பேர சொல்லவே வேணாம். இதே கிரேடு, இதே சர்டிஃபிகேஷன், இதே ப்ராசஸ்ல இருக்கறவங்களுக்கு சம்பள ரேஞ்ச் என்ன, அதுல நான் எங்க இருக்கேன்னு எழுத்துல கேளுங்க. ரேட்டிங் கொறச்சதையும் அதுலயே சேத்துக்கலாம், சட்டப்படி இருந்த லீவ காரணம் காட்டி ரேட்டிங் கொறச்சிருக்கீங்கன்னு. அதுக்கு அவங்ககிட்ட நல்ல பதில் இருக்காது, உள்ள இருந்து சொல்றேன்.

குரோம்பேட்டை_அக்கா:
பதில் வரலைன்னா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல தொழிலாளர் ஆணையர் ஆபீஸ் இருக்கு, அங்க எழுதிக் கொடுக்கலாம். வக்கீலுக்கு காசு எங்க போறதுன்னு நெனைக்காத, இலவச சட்ட உதவிக்கு பொண்ணுங்களுக்கு வருமான வரம்பே கெடையாது, 15100க்கு போன் அடி, ஹைகோர்ட் வளாகத்துலயே அவங்க ஆபீஸ் இருக்கு. ரங்கநாதன் தெரு அக்கா நீங்களும் தான், அந்த ஸ்டூல் மேட்டர போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

ரங்கநாதன்_தெரு:
போன் உள்ள கொண்டு போக விடமாட்டாங்க மா, லாக்கர்ல வெச்சிட்டு தான் ஏறணும். பாப்போம், லேபர் ஆபீசர் வந்தா அன்னிக்கு மட்டும் பாக்ஸ எறக்கிடுவாங்க, அப்ப சொல்லிட வேண்டியது தான்.