நம்ம வீட்டு குரூப்: அத்தையோட கழுத்து ஸ்கேன்

சரவணன்: அம்மா கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சு 📎

சரவணன்: ரம்யா, கொஞ்சம் பாரேன். ஓவல் நோட், 14 × 6 மி.மீ., ஹைலம் நார்மல்னு போட்டிருக்கு. டாக்டர் நாளைக்குத்தான் வர்றாராம்.

பெரியப்பா: நெறி கட்டியிருக்கும்பா. பல்வலின்னு சொல்லிட்டிருந்தாளே.

செல்வி அத்தை: ஆமாண்ணே, அதே கடவாய்ப்பல்லுதான். கூகுள்ல போட்டா கண்டதையும் காட்டுது.

சரவணன்: அதை யாரு பார்க்கச் சொன்னா 🤦

ரம்யா: அத்தை, பார்த்துட்டேன். ரிப்போர்ட்ல நோட்னு (node) போட்டிருக்கறது நெறிக்கட்டியைத்தான். அது இயல்பாவே அவரைக்கொட்டை மாதிரி நீள்வட்டமாத்தான் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கு. உருண்டையானாத்தான் கூடுதலா கவனிப்போம்.

ரம்யா: குறுக்களவை நீளத்தால வகுத்துப் பார்ப்போம். 6ஐ 14ஆல வகுத்தா 0.43. பாதிக்கு மேல போனாத்தான் உருண்டைக் கணக்கு. குறுக்களவும் 1 செ.மீ.க்குள்ளதான்.

சரவணன்: ஹைலம்னா?

ரம்யா: ரத்தக்குழாய் உள்ள நுழையற இடம். அங்க கொழுப்பு இருக்கறதால ஸ்கேன்ல வெள்ளையாத் தெரியும். கேன்சர் செல் வந்து நிறைஞ்சா நெறி எல்லாப் பக்கமும் உப்பிடும், அந்த வெள்ளையும் பெரும்பாலும் அழிஞ்சுடும்.

பெரியப்பா: அப்ப உருண்டைன்னாலே கேன்சரா?

ரம்யா: இல்ல பெரியப்பா. தாடைக்குக் கீழ இருக்கற நெறி நிறைய பேருக்கு சாதாரணமாவே உருண்டையா இருக்கும். டிபியிலயும் அப்படி ஆகும். வடிவத்தை மட்டும் வச்சு யாரும் சொல்ல மாட்டாங்க.

ராஜு மாமா: எனக்கு இடுப்புல வட்டமா அரிக்குதே, அதுக்கு ஒண்ணும் சொல்லலியே

செல்வி அத்தை: இவர் வேற 🙄

ரம்யா: ஓரம் மட்டும் சிவந்து செதிலா இருக்கா, இல்ல வட்டம் முழுக்கவா மாமா?

ராஜு மாமா: ஓரம்தான். நடுவுல தோல் நல்லாயிருக்கு.

ரம்யா: படர்தாமரையா இருக்கலாம். பூஞ்சை வெளிப்பக்கமா பரவிட்டே போகும், நடுவுல தெளியும், அதான் வளையம். எக்ஸிமாலயும் ஒரு வகை காசு அளவுல வட்டமா வரும், ஆனா அது முழுக்க நிறைஞ்சிருக்கும். நீங்களா எதுவும் தடவலையே?

ராஜு மாமா: மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தான். அரிப்பு உடனே நின்னுச்சு 👍 📷

ரம்யா: மாமா, இதுல க்ளோபெட்டசால் இருக்கு. வீரியமான ஸ்டீராய்டு! அரிப்பை அடக்கிட்டு பூஞ்சையைப் பரவ விட்டுடும். அந்த வளையமும் கலைஞ்சு தோல் டாக்டருக்கே அடையாளம் தெரியாமப் போகும். இன்னிக்கே நிறுத்துங்க.

செல்வி அத்தை: நான் சொன்னா கேட்டாத்தானே. சரவணா, நாளைக்கு இவருக்கும் ஒரு டோக்கன் போடு.

சரவணன்: சரிம்மா

ரம்யா: அத்தை, பல் டாக்டரையும் பார்த்துடுங்க. அதுக்கப்புறமும் மூணு நாலு வாரத்துல நெறி கரையலேன்னா மறுபடி ஸ்கேன் பார்க்கணும்.